மாதிரித் தோட்டத்துக்கு வந்த சாக்கு

பூச்சிகளை அழித்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். அவற்றை 'மேலாண்மை' செய்த பெருமை எங்கள் அலுவலகத்தையே சேரும். 'காபிச் செடிகளுக்கான நீடித்த பூச்சி மேலாண்மைப் பிரிவு' என்று வாசலில் பலகை இருக்கிறது. நீடிக்க வேண்டியது பூச்சியா, மேலாண்மையா என்று சில விஷமிகள் கேட்பதுண்டு. இரண்டும்தான் என்பதை நடைமுறையில் நிரூபித்துக் காட்டியிருக்கிறோம். அந்தப் பிரிவில் கூட்டக் குறிப்பு எழுதும் எழுத்தர் என்ற முறையில் அந்த வரலாற்றை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு, பழம் பறித்து முடித்த வாரம், என் அண்ணி அலுவலகத்துக்கு வந்தார். அண்ணனுக்கு இடுப்பு ஒத்துழைக்காததால் மூன்று ஏக்கர் காபித் தோட்டமும் அண்ணியின் பொறுப்பு. கையிலிருந்த காகிதப் பொட்டலத்தை இயக்குநரின் மேசைமேல் பிரித்துக் கொட்டினார். இருபது முப்பது காய்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசியால் குத்தியது போல ஒரு துளை.

"உள்ளே கறுப்பு வண்டு இருக்கு சார். எள்ளைவிடச் சின்னது. கொட்டையைக் குடைஞ்சு மாவாக்கிடுது. பத்துக் காய் எடுத்தா மூணு இப்படித்தான். என்ன பண்ணணும்னு சொல்லுங்க, நாளைக்கே ஆரம்பிச்சுடறேன்."

இயக்குநர் பூதக்கண்ணாடியை எடுத்தார். "காய்த்துளைப்பான்! துளை எவ்வளவு நேர்த்தியா இருக்கு பாருங்க" என்று ஒரு காயை என்னிடம் நீட்டினார். பிறகு அண்ணியைக் கருணையோடு பார்த்தார்.

"அவசரப்படக் கூடாதும்மா. பூச்சியைக் கண்டா அடிக்கறதெல்லாம் அந்தக் காலம். இப்பல்லாம் அதை முதல்ல புரிஞ்சுக்கணும்."

"புரிஞ்சுக்கிட்டேன் சார். காயைத் தின்னுது."

"அது உங்க கோணம். பூச்சியோட கோணம்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

அண்ணி பூச்சியின் கோணத்தை யோசிப்பவர் போல ஒரு காயின் துளைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பொட்டலத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

நடைவழியில்தான் அந்த ஒழுங்கீனம் நடந்தது. எங்கள் பூச்சி ஆய்வாளர் அம்மா எதிரே வந்தார். அலுவலகத்தில் பூச்சியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவர். ஆகவே கூட்டங்களுக்கு அழைக்கப்படாதவர். பொட்டலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே ஆரம்பித்துவிட்டார்.

"செடியில ஒரு காய்கூட மிச்சம் விடாதீங்க. கீழே உதிர்ந்ததையும் பொறுக்கிடுங்க. அடுத்த காய்ப்பு வரைக்கும் வண்டு அதுக்குள்ளதான் குடியிருக்கும். பொறுக்கினதைக் கொதிக்கற தண்ணியில ரெண்டு மூணு நிமிஷம் போட்டு எடுங்க. அடுத்த தடவை பறிக்கும்போது செடிக்கு அடியில துணி விரிச்சுக்குங்க, ஒண்ணும் மண்ணுல விழாது. காலி பாட்டிலுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிச்சு, பக்கத்துல ஜன்னல் மாதிரி வெட்டி, உள்ளே சாராய வாடை அடிக்கற மருந்தைத் தொங்கவிடுங்க. அடியில சோப்புத் தண்ணி. வாடைக்கு வந்து விழுந்துடும். மழை ஈரம் இருக்கும்போது வெள்ளைப் பூஞ்சைத் தூளைக் கரைச்சுத் தெளிங்க. அது வண்டு மேல முளைச்சு அதைக் கொன்னுடும்."

"விஷ மருந்து வேணாமா?"

"காய்க்குள்ள ஒளிஞ்சிருக்கறதுக்கு மேலே தெளிச்சு என்ன ஆகப்போகுது? தோட்டத்துல இருக்கற நல்ல பூச்சிதான் சாகும்."

எல்லாம் நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அண்ணி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவசரக் கூட்டம் கூடியது. இயக்குநர் மனம் நொந்திருந்தார். "நாலு நிமிஷத்துல எல்லாத்தையும் சொல்லிட்டா, நாலு நாள் பயிற்சி முகாமை எதை வெச்சு நடத்தறது?" என்று கேட்டார். ஆய்வாளர் அம்மா பழைய கோப்பு அறைக்கு மாற்றப்பட்டார். அங்கே கரையான் இருப்பதால் அவருடைய துறை அறிவு வீணாகாது என்று ஆணையில் குறிப்பிட்டோம்.

பூச்சியைப் புரிந்துகொள்ள ஒரு துணைக்குழு அமைத்தோம். ஆணையைத் தட்டச்சு செய்தவர் கைதவறி 'துளைக்குழு' என்று அடித்துவிட்டார். திருத்தட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும், ஆழமா இருக்கு" என்றார் இயக்குநர். துளைக்குழு ஒன்பது முறை கூடி, 'பூச்சித் தாக்குதல்' என்ற சொல் பகைமையைத் தூண்டுவதால் இனி 'பூச்சி வருகை' என்றே எழுத வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. ஒன்பது கூட்டத்திலும் டீதான். காபி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது குழுத் தலைவரின் கருத்து.

அண்ணி தீர்மானத்துக்குக் காத்திருக்கவில்லை. காலையில் கூடையோடு இறங்கினால் வெயில் உச்சிக்கு வரும்வரை நிமிரமாட்டார். அண்ணன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தபடி கைக்கு எட்டிய கிளைகளில் விட்டுப்போன காய்களைத் துழாவுவார். விடுமுறை நாட்களில் நானும் போனேன். சருகை விலக்கி விலக்கி, கறுத்துச் சுருங்கிய காய்களைப் பொறுக்குவது எவ்வளவு அற்பமான வேலை என்பது கோப்பு பார்த்துப் பழகியவனுக்குத்தான் தெரியும். ஒரு வரிசை முடித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"முடிஞ்சுதா தம்பி?" என்றார் அண்ணி.

"முடிஞ்சுது அண்ணி."

அவர் நான் வந்த வழியே நடந்து, கை நிறையக் காய்களோடு திரும்பினார். "கூட்டத்துல முடிக்கற மாதிரி முடிச்சிருக்கீங்க" என்றார்.

சிவப்புப் பாட்டில்கள் செடிகளுக்கு நடுவே தொங்கின. முதல் வாரம் சோப்புத் தண்ணீரில் வண்டுகள் மிளகுத்தூள் தூவியது போல மிதந்தன. மாதம் போகப்போகக் குறைந்தது. அடுத்த காய்ப்பில், நூறு காயைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றில் துளை இருந்தது. மறுமுறை அதுவும் இல்லை. அண்ணன் முதல்முறையாக வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது பற்றிப் பேசினார்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் பிரிவின் சாதனையைப் பார்க்க மேலிடத்திலிருந்து பார்வையாளர்கள் வருவதாகக் கடிதம் வந்தது. சாதனை எங்கே இருக்கிறது என்று இரண்டு நாள் தேடினோம். கடைசியில் என் அண்ணியின் தோட்டத்தில் இருப்பது தெரிந்தது. அன்று மாலையே அது எங்களுடைய 'மாதிரித் தோட்டம்' ஆனது.

முன்னேற்பாடாகப் பார்வையிடப் போன இயக்குநர் முகம் வாடித் திரும்பினார். "தோட்டம் முழுக்கச் சுத்தினேன். ஒரு பூச்சிகூட இல்லை" என்றார்.

"நல்லதுதானே சார்?"

"என்ன நல்லது? பூச்சியே இல்லாத இடத்துல நாம எதை மேலாண்மை பண்றோம்னு அவங்க கேட்டா? திட்டத்தையே மூடிடுவாங்கய்யா. நீங்களும் நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." சற்று யோசித்தார். "ஆத்தோரமா ஒரு கைவிட்ட தோட்டம் இருக்கில்ல? அங்கேருந்து ஒரு சாக்கு துளைக்காய் எடுத்துட்டு வாங்க. ஒரு வரிசையில கொட்டிக் காட்டுவோம். ஒரு மணி நேரம்தான். காட்டிட்டு அள்ளிடலாம்."

'வேண்டாம் சார்' என்பது என் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கிருந்து வாய்க்கு வருவதற்குள் 'சரி சார்' ஆகிவிட்டது. பத்தொன்பது வருடப் பணி அனுபவத்தில் அது தானாகவே மாறிக்கொள்ளும். 'மாதிரிப் பொருள் இடமாற்றம்' என்று ஒரு குறிப்பு எழுதி, அலுவலக ஜீப்பில் சாக்கை ஏற்றிக்கொண்டு போனேன்.

அண்ணி தோட்டத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பார்வையாளர்கள் வருகிறார்கள் என்று நல்ல புடவை கட்டியிருந்தார்.

"சாக்குல என்ன தம்பி?"

"உரம் அண்ணி."

"அட, உங்க ஆபீஸ்லேருந்து உருப்படியா ஒண்ணு வருதா?" என்று சிரித்தார். "அந்தக் கிழக்கு ஓரத்துல இறக்கிடுங்க. நான் அப்புறம் பார்த்துப் போட்டுக்கறேன்."

இறக்கினேன்.

விழா சிறப்பாக நடந்தது. சாக்கைக் கிழக்கு வரிசையில் கொட்டிவிட்டு, அண்ணியைப் பூங்கொத்தோடு வாசலில் நிறுத்தினோம். பூங்கொத்து பெரியது, எதிரே நடப்பது தெரியாது. பார்வையாளர்கள் கிழக்கு வரிசையில் குந்தி உட்கார்ந்து, காயைப் பிளந்து வண்டைப் பார்த்து வியந்து, புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். இயக்குநர் 'பூச்சியோடு ஓர் உரையாடல்' என்ற தலைப்பில் பேச ஆரம்பித்தார். உரையாடல் வளர்ந்தது. மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஜீப்புக்கு ஓடினோம். நானும் ஓடினேன். கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தபோது காய்க் குவியல் மழையில் நனைந்துகொண்டிருந்தது. "சார், அள்ளணும்" என்றேன். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார். நாளைக்கு எனக்குக் கூட்டக் குறிப்பு எழுதும் வேலை இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது.

மழை விட்டு வெயில் அடித்தால் துளைப்பானுக்குக் கொண்டாட்டம். பழைய காயை விட்டுக் கிளம்பிப் புதுக் காயைத் தேடும்.

மூன்றாம் நாள் தோட்டத்துக்குப் போனேன். கிழக்கு ஓரத்தில் அண்ணி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், கோப்பு அறையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்த ஆய்வாளர் அம்மா. இருவர் கையிலும் கூடை. ஸ்டூலில் இருந்த அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணி ஒரு பச்சைக் காயை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நுனியில் புதுத் துளை.

"உரம்னு சொன்னீங்களே தம்பி."



அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். ஒரு கூடையை என் கையில் திணித்து, "குனிங்க" என்றார். குனிந்தேன். இருட்டுவதற்கு முன்பு கிளம்பிய ஆய்வாளர் அம்மா, "கிழக்குப் பக்கம் பாதி போயிடும். மேற்கே பரவாம தடுக்கலாம், அதுக்கே ரெண்டு வருஷம் பொறுக்கணும்" என்றார். அப்படித்தான் ஆயிற்று. அண்ணன் சுண்ணாம்புப் பேச்சை எடுப்பதில்லை.

எங்கள் பிரிவுக்கோ பொற்காலம் பிறந்தது. 'ஒழிந்த இடத்திலும் மீண்டும் தோன்றும் இந்தப் பூச்சியின் விடாமுயற்சியை' எடுத்துக்காட்டி, இயக்குநர் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் வாங்கினார். சிறந்த மேலாண்மைக்கான கேடயமும் வந்தது. அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. பதினோராவது கேள்வி: 'பூச்சி தோட்டத்துக்குள் வந்த வழி எது? காற்று, மழைநீர், பறவை, பிற.'

"காத்துன்னு போட்டுடுங்க. காத்துகிட்ட யாரும் விளக்கம் கேட்க மாட்டாங்க" என்றார் இயக்குநர்.

என் இடத்துக்கு வந்து பேனாவை எடுத்தேன். அன்று காலையில்கூட ஒரு கூடை பொறுக்கிவிட்டுத்தான் வந்திருந்தேன். நகக்கண்ணில் மண் இருந்தது. 'பிற' என்பதற்கு எதிரே எழுதினேன்: 'அலுவலக ஜீப்பின் பின்பக்கம், ஒரு சாக்கில். கொண்டுவரச் சொன்னவர் இயக்குநர். உரம் என்று பொய் சொல்லி இறக்கியவன் இக்குறிப்பை எழுதுபவன்.'

படிவத்தை எடுத்துக்கொண்டு போய் இயக்குநர் முன் வைத்தேன். அவர் கேடயத்தை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். 'மேற்கண்ட அனைத்தும் உண்மை எனச் சான்றளிக்கிறேன்' என்ற வரிக்குக் கீழே, வழக்கம் போலப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். எங்கள் பிரிவிலிருந்து மேலிடத்துக்குப் போன காகிதங்களில் உண்மையான ஒன்றுக்கு அவர் சான்றளித்தது அதுதான் முதல் தடவை.