மைனஸ் முப்பத்துநாலு

எல்லையில் நின்றவர் என்று ஓர் இனம் உண்டு. கொரியாவில் இந்த இனத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஆண்பிள்ளையாய்ப் பிறந்தவன் பட்டாளத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்று சட்டம் போட்ட நாட்டில் எப்படிப் பஞ்சம் வரும்? ஆனாலும் ஒரு சின்ன சந்தேகம். அவ்வளவு பெரிய பட்டாளத்தில் துணி துவைத்தவர், தபால் பிரித்தவர், முடி வெட்டியவர், மேஜர் வீட்டு நாயைக் குளிப்பாட்டியவர் என்று சில ஆயிரம் பேராவது இருந்திருக்க வேண்டாமா? அவர்களில் ஒருவரையாவது நீங்கள் பார்த்ததுண்டா? இருக்காது. யாரைக் கேட்டாலும் வடக்கு எல்லையில் முள்வேலி ஓரம்தான் நின்றிருக்கிறார். சொன்னவர்கள் அத்தனை பேரும் நின்றிருந்தால் அங்கே வேலி போடவே இடம் இருந்திருக்காது.

இவரை அடையாளம் காண்பது சுலபம். இன்றைக்குக் கொஞ்சம் குளிர்கிறதே என்று வாய்தவறிச் சொல்லிப் பாருங்கள், போதும். சோஜுச் சாராயம் இரண்டு கோப்பை உள்ளே போனதும் சாப்பாட்டு மேசை போர்க்களமாகிவிடும்: கிம்ச்சி ஊறுகாய்த் தட்டு வடக்கு, முளைப்பயறு கண்ணிவெடி வயல், மீன் வறுவல் இம்ஜின் ஆறு, நடுவில் தன்னந்தனியாக நிற்கும் சோஜுக் கோப்பை அவர். அந்த வயலுக்குள் சாப்பாட்டுக் குச்சியை விட்டு ஒரு வாய் முளைப்பயறு எடுக்க நினைத்த விருந்தாளி பட்டினிதான்.

மா கிசோப் இந்த இனத்தில் முதல் தரம். வயது அறுபத்திரண்டு. இஞ்சோன் நகரத்தில் வீடுகளுக்கு வெந்நீர்க் கொதிகலன் விற்று ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மிரான் முப்பத்தைந்து வருஷமாக ஒரே கதையைக் கேட்டுக்கொண்டிருப்பதால் ஒரு விஷயம் அவளுக்கு மட்டுமே தெரியும். கல்யாணமான புதிதில் அவர் நின்ற காவல் கோபுரத்தில் குளிர் மைனஸ் பதினெட்டு. மகள் யோன்ஜு பிறந்தபோது இருபத்துமூன்று. அவள் கல்லூரி முடித்தபோது இருபத்தொன்பது. போன புத்தாண்டு விருந்தில் முப்பத்துநாலு. உலகம் முழுக்கச் சூடேறிக்கொண்டிருக்க, அந்த ஒரு கோபுரத்தில் மட்டும் வருஷாவருஷம் குளிர் கூடிக்கொண்டே போனது. எதிரே நின்ற வடக்குச் சிப்பாயும் அப்படித்தான். எண்ணூறு மீட்டர் தள்ளி நின்றவன் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து, இப்போது அவன் தாடை மச்சம்கூடத் தெரிகிறது.

சாட்சிக்குத் தழும்பு வேறு. வலது முன்கையில் பிறை மாதிரி ஒன்று. ராத்திரி வானத்தில் சுடுகிற வெளிச்சக் குண்டு பட்டதாம். துப்பாக்கி பிடித்த அந்தக் கை சமையலறை வாசலைத் தாண்டியதில்லை. நவம்பர் வந்தால் வீட்டுக்கு வீடு வருஷத்துக் கிம்ச்சி போடுவார்கள் அல்லவா, மிரான் எண்பது கோஸையும் தனி ஒருத்தியாகப் பிளந்து, உப்பில் ஊறவைத்து, மசாலா தடவி அடுக்குவாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, “குளிருதுங்கற. இதெல்லாம் ஒரு குளிரா?” என்பார்.

இதோடு போயிருந்தால் மிரான் பொறுத்துக்கொண்டிருப்பாள். போன வருஷம் யோன்ஜுவுக்குக் கூடிவந்த ஒரு சம்பந்தம் இந்தக் கதையில்தான் முறிந்தது. முதல் சந்திப்பு விருந்திலேயே கிசோப் கோபுரத்தில் ஏறிவிட்டார்; மூன்றரை மணி நேரம் இறங்கவில்லை. பிள்ளை வீட்டார் பழத்தட்டு வருவதற்குள் கிளம்பியவர்கள்தான், அப்புறம் போனைக்கூட எடுக்கவில்லை. யோன்ஜு இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. அவளுக்கு இப்போது வயது முப்பத்துமூன்று.

இந்த அக்டோபரில் இன்னொரு சம்பந்தம் கூடி வந்தது. பையன் ஜேஹுன் தங்கமான பையன். அவன் அப்பா பியோ சாங்சோல்தான் சொன்னாராம்: ஓட்டலில் விறைத்துக்கொண்டு உட்காருவானேன், ரெண்டு குடும்பமும் சேர்ந்து எல்லையைச் சுற்றிப் பார்க்கும் பஸ்ஸில் போவோம், மதியம் அங்கேயே நல்ல சோயாத் தயிர்க்கட்டிச் சாப்பாடு. மிரான் நொந்துகொண்டாள். உலகத்தில் வேறு இடமே இல்லையா?

“ஏங்க, சாப்பாடு முடியற வரைக்கும் பட்டாளம்ங்கற வார்த்தையே உங்க வாயில வரக்கூடாது.”

“எல்லைக்குப் போயிட்டு எப்படிடி பேசாம இருக்கறது?”

“அப்பா,” என்றாள் யோன்ஜு, “எனக்கு ஜேஹுனைப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான் சொல்லுவேன்.”

கிசோப் சத்தியம் செய்தார். செய்ததோடு நில்லாமல், பாவம், காப்பாற்றவும் பார்த்தார். ஆற்றுப் பாலத்தில் சிப்பாய் ஒருவன் பஸ்ஸில் ஏறி அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, நெஞ்சை நிமிர்த்தினாரே தவிர வாயைத் திறக்கவில்லை. தரைக்கடியில் வடக்கிலிருந்து தோண்டி வந்த சுரங்கத்தில் எல்லோரும் மஞ்சள் தொப்பி மாட்டிக்கொண்டு குனிந்து போனபோது, ‘குனியாமல் போவது எப்படி என்று எனக்குத் தெரியும்’ என்று சொல்ல வந்து, சொல்லாமல், நேராகப் போய்ப் பாறையில் மடாரென்று முட்டிக்கொண்டார். அப்போதும் வாய் திறக்கவில்லை. அந்த மனிதர் பட்ட பாட்டை நினைத்தால் நமக்கே மனசு கேட்கவில்லை.

வழிகாட்டிப் பெண் உன்பி ஒலிவாங்கியில் சொன்னாள்: “இங்க குளிர்காலத்துல மைனஸ் இருபது வரைக்கும் போகும்.”

கிசோப் தொண்டையைச் செருமினார். அது ‘வெறும் இருபதா’ என்கிற செருமல். மிரான் அவர் தொடையைக் கிள்ளினாள். கிள்ளிய அதே நொடியில் பின் இருக்கையிலிருந்து இன்னொரு செருமல், அச்சு அசல் அதே சுருதியில். மிரான் திரும்பிப் பார்த்தாள். கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்த சம்பந்தி பியோவின் தொடையை அவர் மனைவி ஹேசுக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

ஆக, அவரும் இதே இனம்தான்.

மேட்டின் மேல் இருக்கும் பார்வைக் கூடத்தில் வரிசையாகத் தொலைநோக்கிகள். எல்லோரும் வடக்கே வயல்களையும் கொடிக்கம்பத்தையும் பார்த்துக்கொண்டிருக்க, உன்பி தன் பாட்டுக்கு, தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டுவைத்தாள்: “நம்ம குழுவுல இந்தப் பக்கம் பட்டாளத்துல இருந்தவங்க யாராவது உண்டா?”

இரண்டு கைகள் உயர்ந்தன. சத்தியம் போயே போச்சு.

“சம்பந்தி, நீங்களுமா?” என்றார் கிசோப். “எனக்கு மைனஸ் முப்பத்துநாலு.”

“முப்பத்தாறு,” என்றார் பியோ பணிவாக.

“காத்தையும் சேர்த்தா நாப்பது வரும்.”

“காத்தைச் சேர்க்காமச் சொன்னேன், சம்பந்தி.”

மனைவிமார் இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எந்த டிவிஷன் என்று கேட்டால், ஒரே டிவிஷன். எந்த பட்டாலியன்? அதுவும் ஒன்றே. கிசோப்பின் குரல் மாறியது. “எப்போ சேர்ந்தீங்க?”

“எண்பத்துநாலு, அக்டோபர்.”

“நான் பிப்ரவரி.”

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பட்டாளத்தில் வயது செல்லாது, படிப்பு செல்லாது. ஒரு நாள் முன்னால் சேர்ந்தவன் அண்ணன், அவன் கண்ணைக் காட்டினால் தம்பி தரையில் கை ஊன்றிக் கிடக்கவேண்டும். நாற்பது வருஷம் ஆனாலும் மூளை மறக்கும், உடம்பு மறக்காது. எட்டு மாத இளையவன் ஒருவன் டை கட்டிக்கொண்டு தன்னைவிட இரண்டு டிகிரி அதிகம் சொல்கிறான் என்று தெரிந்ததும், கிசோப்பின் வாயிலிருந்து அவரைக் கேட்காமலே வந்தது:

“கை ஊனு.”

பியோவும் ஊன்றிவிட்டார். கோட்டோடு, டையோடு, மகனுக்குப் பெண் பார்க்க வந்தவர், இரண்டு தொலைநோக்கிகளுக்கு நடுவில் தரையில் கை ஊன்றி, பலகை மாதிரி விறைத்துக் கிடந்தார். காவலுக்கு நின்ற சிப்பாய் அனிச்சையாக விறைப்பாக நின்றான். யோன்ஜு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதை மிரான் பார்த்தாள். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன், இப்போது பெண்ணையும் கரையேற விடமாட்டேன் என்கிறாரே என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

ஜேஹுன் ஓடி வந்து அப்பாவைத் தூக்கினான். தூக்கும்போது பியோவின் வலது கைச் சட்டை மேலே ஏறியது. கிசோப் குனிந்து பார்த்தார். முன்கையில் பிறை மாதிரி ஒரு தழும்பு. பார்த்தவர் முகத்தில் ரத்தமே இல்லை.

ஹேசுக் நேராக அவர் முன்னால் வந்து நின்றாள். “அண்ணே, உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். முப்பத்துநாலு வருஷமா இவர் கதை சொல்றார். ஒரு கதைக்கும் சாட்சி கிடையாது. நீங்க அதே பட்டாலியன். உண்மையைச் சொல்லுங்க. இவர் காவல் கோபுரத்துல நின்னாரா, இல்லையா? பொய்யைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு. இன்னொரு புளுகன் வீட்ல சம்பந்தம் வைக்கவும் நான் தயாரா இல்லை.”

பியோ துணியை உதறக்கூட இல்லை. கிசோப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நின்னார்,” என்றார் கிசோப். “பக்கத்துல நின்னவன் நான். ஒரே வெளிச்சக் குண்டுதான் எங்க ரெண்டு பேர் மேலயும் பட்டுது. பாருங்க.” சட்டையை மடித்துக் காட்டினார். அதே பிறை, அதே இடம்.

“அண்ணே,” என்றார் பியோ. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஹேசுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன்பிகூட மூக்கை உறிஞ்சினாள். யோன்ஜு மெல்லத் திரும்பி ஜேஹுனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டுக் கடையில் கொதிக்கக் கொதிக்கத் தயிர்க்கட்டிச் சாறு வந்தது. ஆளுக்கு ஒரு கரண்டி வாயில் வைத்த ஆண்கள் இருவரும் ஒரே நேரத்தில், “உப்பு பத்தலை” என்றார்கள். பிறகு ஜேஹுனையும் யோன்ஜுவையும் இழுத்துக்கொண்டு, முள்வேலி தெரிகிற மாதிரி தழும்போடு படம் பிடித்துக்கொள்ள வெளியே போனார்கள். கடைக்கார அம்மா முள்ளங்கித் தட்டை வைத்துவிட்டு வாசலையே பார்த்தாள்.

“ஏக்கா, உங்க வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் பட்டாளத்துல சமையலா?”

“ஏன் கேக்கறீங்க?” என்றாள் மிரான்.

“கையில தழும்பு பார்த்தேன். பட்டாளத்துல சமைச்ச எங்க அண்ணனுக்கும் அதே இடத்துலதான். இருநூறு பேருக்குச் சோறு வேகற அண்டா இருக்கு பாருங்க, அவசரத்துல மூடியைத் தூக்கினா கையில இப்படித்தான் படும். போன வாரம்கூட ஒருத்தர் வந்தார். அவரும் குண்டு பட்டதுன்னுதான் சொன்னார்.”

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு உள்ளே போய்விட்டாள். ஹேசுக் கரண்டியைக் கீழே வைத்தாள். மிரானும் வைத்தாள். இரண்டு புளுகர்கள், அதிலும் ஒருவர் சற்றுமுன் பொய்ச்சாட்சி சொன்னவர்; இனி இந்தக் கல்யாணம் எங்கே நடக்கப்போகிறது?

ஹேசுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு கேட்டாள்: “சம்பந்தியம்மா, நவம்பர்ல நீங்க எத்தனை கோஸ் போடுவீங்க?”

“எண்பது.”

“தனியாவா?”

“தனியாத்தான். அவரோடது துப்பாக்கி பிடிச்ச கையாச்சே.”

“எங்க வீட்லயும் அதே கைதான்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. மேசை குலுங்கி, கிண்ணத்தில் தயிர்க்கட்டி ஆடியது. இருநூறு பேருக்குச் சமைத்துப் போட்ட இரண்டு ஆட்களை வீட்டில் வைத்துக்கொண்டு முப்பத்தைந்து வருஷம் தனியாகக் கோஸ் பிளந்திருக்கிறோமே என்று மிரானுக்கு வயிறு எரிந்தது. எரிந்ததனால் இன்னும் சிரிப்பு வந்தது.

ஆண்கள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் ஹேசுக் தேன் குரலில் ஆரம்பித்தாள். “நாங்க ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். கல்யாணம் ஏப்ரல்ல. அதுக்கு முன்னால, ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து இந்த வருஷக் கிம்ச்சி. நூத்தி அறுபது கோஸ். எங்களுக்கு மூட்டுவலி. மைனஸ் முப்பத்துநாலுல நின்ன வீரர்களுக்கு நவம்பர் குளிர் ஒரு குளிரா?”

“முப்பத்தாறு,” என்றாள் மிரான். “உங்க வீட்டுக்காரருக்கு முப்பத்தாறு.”

வீரர்கள் விழித்தார்கள். என்ன சொல்லித் தப்பிப்பது? ‘எங்களுக்குச் சமைக்கத் தெரியாது’ என்று சொல்ல இருவருமே வாயெடுத்தார்கள். கடைக்கார அம்மா சரியாக அந்த நேரம் பார்த்து இன்னொரு கிண்ணம் சோறு கொண்டுவந்து வைத்து, இருவர் கையையும் பார்த்துப் புன்னகைத்துவிட்டுப் போனாள். வாயை மூடிக்கொண்டார்கள்.

நவம்பரில் மிரான் வீட்டு முற்றத்தில் நூற்றறுபது கோஸும் மதியத்துக்குள் முடிந்தது. கிசோப் வெட்டிய வேகத்தில் கத்தி கண்ணுக்கே தெரியவில்லை. “உப்பு” என்று அவர் கை நீட்டுமுன் பியோ உப்பை நீட்டினார். பெண்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்; இந்த வேகத்தை எங்கே கற்றீர்கள் என்று கேட்கவே இல்லை. மாப்பிள்ளை ஜேஹுன் கோஸ் சுமந்துகொண்டே, குண்டு பட்ட அன்றைக்குக் கோபுரத்தில் எவ்வளவு குளிர் என்று கேட்டான். பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நாப்பத்தொண்ணு,” என்றார் கிசோப்.

“ஆமா, அண்ணே. நாப்பத்தொண்ணு,” என்றார் பியோ.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான், நீங்கள் பட்டாளத்துக்கும் போனதில்லை, எல்லையையும் பார்த்ததில்லை. ஆனால் பழைய ஆபீஸில் மேலாளர் முகத்துக்கு நேராக ஒரு கேள்வி கேட்டீர்களே, முதல் தடவை நீங்கள் சொன்னபோது அவர் பதில் சொல்லாமல் போனார், அடுத்த தடவை தலைகுனிந்தார், போன தீபாவளிக்குச் சொன்னபோது கண்ணில் தண்ணீர்கூட விட்டார். அடுத்த தீபாவளிக்கு என்ன செய்வதாக இருக்கிறார்? உங்கள் வீட்டு அம்மாள் பக்கத்து அறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள். அது கிடக்கட்டும். அந்தக் கையை இப்படிக் கொஞ்சம் காட்டுங்கள், பார்க்கலாம்.