பொதுநல மௌனம்

அமைச்சருக்கு ரகசியமாக ரொக்கம் போனதா இல்லையா என்று கண்டறிய, விசாரணைக் குழு ஒன்று முறைப்படி அமைக்கப்பட்டது. முறைப்படி என்றால், முதலில் நல்ல நாற்காலியாக ஒன்று வாங்கினார்கள். பிறகு அந்த நாற்காலிக்குப் பொருத்தமான அகலத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள்.

"கொடுத்துட்டு வான்னு என் செயலாளர் கையில கொடுத்தேன். அப்புறம் என்ன ஆச்சோ, ஏது ஆச்சோ" என்று சொல்லிச் சிமெண்ட் கம்பெனி முதலாளி கழன்றுகொண்டார். "ரொக்கமா? அது எந்த நிறத்தில் இருக்கும்?" என்று கேட்டார் அமைச்சர். நடுவில் மாட்டியவர் செயலாளர். முதலாளியின் தும்மலுக்குக்கூடத் தேதி போட்டு ஃபைல் பண்ணுகிற மனிதர். அமைச்சர் வாங்கினார் என்று அவர் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் அத்தனையையும் அவரே முழுங்கிவிட்டார் என்று முடிவாகும். ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான்.

"பணத்தை எப்படிக் கொடுத்தீர்?" என்றார் நீதிபதி.

"துணிப்பையில போட்டு, அமைச்சர் வீட்டு ஸ்டூல் மேல வைப்பேன் ஐயா. உடனே அமைச்சர் எழுந்து நின்னு, 'மக்கள் நலனுக்காக ஒரு நிமிஷ மௌனம்'னு சொல்லிக் கண்ணை மூடிக்குவார். கண்ணைத் திறந்தா பணம் இருக்காது. பை மட்டும் அழகா மடிச்சு இருக்கும்."

"அவர் எடுத்ததை நீர் பார்த்தீரா?"

"அமைச்சரே கண்ணை மூடி நிக்கும்போது நான் முழிச்சுப் பாத்துக்கிட்டு நிக்க முடியுமா ஐயா? நானும் மூடிக்குவேன்."

நீதிபதிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மரியாதை தெரிந்த சாட்சி.

அமைச்சரின் வக்கீல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். இருவரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஆகவே பணம் தானாகவே மக்கள் நலனுக்குக் கிளம்பிப் போயிருக்கவும் இடமுண்டு."

வாதம் வலுவாக இருந்ததால், அதைச் செய்து பார்ப்பதென்று குழு தீர்மானித்தது. கருவூலத்திலிருந்து 'சாட்சியச் சாமான்' என்ற தலைப்பில் ஒரு பை நிறைய நிஜப் பணம் வந்தது. செயலாளர் பையை ஸ்டூலில் வைத்தார். அமைச்சர் எழுந்து கண்ணை மூடினார். சபை மொத்தமும் எழுந்து கண்ணை மூடியது. திறந்து பார்த்தால், பை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"யார் பார்த்தது?" என்றார் நீதிபதி.

யாரும் பார்க்கவில்லை. காவலுக்கு நின்ற போலீஸ்காரரைக் கேட்டார்கள். "மௌன நேரத்துல கண்ணைத் திறந்தா ப்ரமோஷன் என்ன ஆகறது ஐயா?" என்றார் அவர். கேமரா வைத்திருந்தார்கள், மரியாதை கருதி அதையும் யாரோ சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார்கள்.

ஐயம் தீராததால் மறுநாளும் செய்து பார்த்தார்கள். அதற்கு மறுநாளும். சபையில் கூட்டம் தாங்கவில்லை. நீதியின் மேல் இவ்வளவு ஆர்வம் மக்களுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. மச்சான், சகலை, சம்பந்தி என்று குடும்பத்தோடு வந்து முன் வரிசைக்கு அடித்துக்கொண்டார்கள். மௌனம் நாகரிகமாகவும் ஆகிவிட்டது. காய்கறிக்காரர் தராசில் எடைக்கல்லை வைக்கும்போது மக்கள் நலனுக்காகக் கண்ணை மூடச் சொன்னார். டாக்டர் ஃபீஸ் வாங்கும்போது சொன்னார். சொல்லாத டாக்டரிடம் கௌரவமான நோயாளிகள் போவதில்லை.

செயலாளரின் மனைவிக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"ஏங்க, உங்களுக்கு எத்தனை கண்ணு?"

"ரெண்டு."

"அதுல ஒண்ணையாவது நாளைக்குத் திறந்து வைங்களேன். ஜெயிலுக்குப் போனப்புறம் அதை வெச்சுக்கிட்டு என்ன பாக்கப்போறீங்க, சுவரையா?"

மறுநாள் மௌன நேரத்தில் செயலாளர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். சபை முழுக்க அரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. அமைச்சர் முதலில் அள்ளினார். பை நீதிபதிக்குப் போயிற்று. அவர் எடைபோட்டுப் பார்த்து எடுத்தார். வக்கீல், டைப்பிஸ்ட், போலீஸ்காரர், முன் வரிசை, பின் வரிசை என்று சத்தமில்லாமல் பை ஊர்ந்தது. கடைசியில் டவாலிச் சேவகர் அதை நான்காக மடித்து ஸ்டூலில் வைத்துவிட்டு, செயலாளர் காதில், "உங்க பங்கை தினமும் விட்டுடறீங்களே சார், வீட்ல ஒண்ணும் கேக்கமாட்டாங்களா?" என்றார்.

மௌனம் முடிந்தது.

"சாட்சி ஏதாவது பார்த்தீரா?"

"பார்த்தேன் ஐயா! எல்லாரும் எடுத்தீங்க. நீங்க உட்பட!"

சபை அதிர்ந்தது. பின் வரிசையில் ஒரு அம்மாள் வாயில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி! மௌனத்துல கண்ணைத் திறந்திருக்கானே!"

நீதிபதியின் குரல் தழுதழுத்தது. "நாங்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொல்பவர் நீர் ஒருவர்தான். பணம் கைமாறியது நிரூபணமாகவில்லை. நீர் கண்ணைத் திறந்தது உம் வாயாலேயே நிரூபணமாகிவிட்டது. தண்டனையை நாளை அறிவிப்போம்."

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. பழக்கதோஷத்தில் கருவூலம் அன்றைக்கும் ஒரு பையை அனுப்பியிருந்தது. நீதிபதி தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாசிக்கும் முன், குற்றவாளியின் நல்வாழ்வுக்காக ஒரு நிமிடம் மௌனம்" என்றார்.

அனைவரும் எழுந்து கண்ணை மூடினார்கள்.

செயலாளர் ஒரு விநாடி யோசித்தார். நிதானமாகக் கூண்டைவிட்டு இறங்கினார். ஸ்டூலில் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அமைச்சரின் முகத்துக்கு நேராக நடந்து, நீதிபதியைக் கும்பிட்டுவிட்டு, நடு வழியாக வெளியே போனார். அத்தனை அரைக் கண்களும் அவர் போன திசையில் திரும்பின. ஒரு வாயும் திறக்கவில்லை.

மௌனம் முடிந்ததும் நீதிபதி மேஜையைத் தட்டினார். "குற்றவாளி எங்கே? பை எங்கே? அவர் போனதை யார் பார்த்தது?"

யாரும் பார்க்கவில்லை. அமைச்சர் பார்க்கவில்லை, வக்கீல் பார்க்கவில்லை.

"நான் கண்ணை மூடியிருந்தேன் ஐயா" என்றார், செயலாளருக்குக் கதவைத் திறந்துவிட்ட போலீஸ்காரர்.