அலாஸ்காவுக்கு ஒரு பீச் கேக்

"அலாஸ்காவுக்கு எப்படிக் கேக் கொண்டுபோய்க் குடுப்ப?" என்று கேட்டார் வெர்னா. முழங்கை வரை மாவு.

ஆரின் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அலாஸ்கா மட்டும் இல்ல. ஹவாயிலேர்ந்தும் ரெண்டு பேரு."

"அது தீவுய்யா!"

"தெரியும்."

தப்பு ஆரினுடையதுதான். 'பீச் பழக் கேக், சுடச்சுட, உங்கள் வாசலுக்கே, இலவசமாக' என்று விளம்பரம் எழுதியது அவர். எந்த ஊர் வரைக்கும் என்று எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை அதுவரை வந்ததில்லை.

மூன்று வருடமாக நாளுக்கு ஐந்து டாலர் கட்டி, நாடே பார்க்கும் அந்தச் சமூக ஊடகத்தில் விளம்பரம் போட்டு வந்தார். யாராவது அதை அழுத்தினால் ஐந்து டாலரில் கொஞ்சம் கழியும். தீர்ந்ததும் விளம்பரம் அன்றைக்குப் படுத்துவிடும். ஓஹையோ மாநிலத்தை விட்டு வெளியே போவது இருக்கட்டும், அவர்களுடைய மேப்பிள் தெருவைத் தாண்டியே அது போனதில்லை. கடையும் கூடவே படுத்துக்கொண்டிருந்தது. ஜூலை முடியும்வரை பார்ப்பது, தேறாவிட்டால் அடுப்பை அணைத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

அந்த ஜூலையில்தான் பெரிய கம்பெனிகளுக்குக் கோபம் வந்தது. வெறுப்புப் பேச்சை அந்த ஊடகம் கண்டுகொள்வதே இல்லை, எனவே ஒரு மாதத்துக்கு விளம்பரம் கிடையாது என்று சோப்புக் கம்பெனி அறிவித்தது. பின்னாலேயே செருப்புக் கம்பெனி, சோடாக் கம்பெனி.

"விளம்பர இடம் ஏலத்துல போகுது வெர்னா. பணக்காரங்க எல்லாரும் எழுந்து போயிட்டாங்க. விலை விழுந்துடுச்சு. நம்ம அஞ்சு டாலர் இப்ப முன்வரிசையில உக்காந்திருக்கு."

வெர்னா மாவைப் பிசைவதை நிறுத்தினார். "நல்ல காரியத்துக்காக எழுந்து போனவங்க நாற்காலியில நாம போய் உக்காரலாமா?"

"அவங்க வர்ற வரைக்கும்தான். கால் வலிக்குது இல்ல?"

வெர்னாவுக்கும் கால் வலித்தது. மறுபடி மாவைப் பிசையத் தொடங்கினார்.

இரண்டாம் நாள் கேக் கேட்டவர்கள் நாற்பது பேர். ஆரின் பயந்துபோய் ஐந்து டாலரை இரண்டாகக் குறைத்தார். மறுநாள் அறுபது பேர் கேட்டார்கள்.

"விலை இன்னும் விழுந்திருக்கும்போல," என்றார் ஆரின், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு.

"அப்ப கேக் விலைய ஏத்து. பாதிப் பேரு ஓடிடுவாங்க."

ஏற்றினார், ஒரேயடியாக இரண்டு மடங்கு. யாரும் ஓடவில்லை. 'இவ்வளவு விலை என்றால் ஏதோ விஷயம் இருக்கும்' என்று டெக்சாஸிலிருந்து ஒரு பெண்மணி எழுதினார். அவருக்கு நான்கு கேக் வேண்டுமாம்.

"ஏன்யா, இதுக்கு நீ பழையபடி பஸ் ஓட்டிட்டே இருந்திருக்கலாம்," என்றார் வெர்னா.

"பஸ்ஸுல நாப்பது பேருக்கு மேல ஏத்த மாட்டேன். இங்க கதவே இல்லையே."

அன்றிரவு ஆரினுக்கு ஒரு யோசனை தோன்றியது. 'வாசலுக்கே இலவசமாக' என்பதை அழித்துவிட்டு, 'கடைக்கு நேரில் வருபவர்களுக்கு மட்டும்' என்று எழுதினார். யார் வரப்போகிறார்கள்?

வந்தார்கள். சனிக்கிழமை காலை கென்டக்கியிலிருந்து ஒரு குடும்பம் மடக்கு நாற்காலிகளோடு வந்து வாசலில் உட்கார்ந்தது. மிச்சிகனிலிருந்து வந்தவர்கள் நாயையும் கூட்டி வந்திருந்தார்கள். மதியத்துக்குள் மேப்பிள் தெருவில் இடமில்லாமல், கார்கள் அக்கம்பக்கத்துப் புல்வெளிகளில் ஏறி நின்றன. எதிர்வீட்டு ஹாட்டியின் ரோஜாச் செடிமேல் ஒரு வேன்.

போலீஸ்காரர் டுவைட் தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வந்தார். "ஆரின், இங்க யாராவது செத்துப்போயிட்டாங்களா?"

"இல்ல டுவைட். கேக்."

"கேக்கா?" டுவைட் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணு எடுத்து வை. பின்வாசல் வழியா வர்றேன்."

மாதம் இப்படியே ஓடியது. இருவருக்கும் மணிக்கட்டு வீங்கியது. கடைசி வாரத்தில் ஆரின் கணக்குப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார், பிறகு சமையலறைக்குள் போய் வெர்னாவின் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாவியக் குடுக்க வேண்டாம்," என்றார்.

வெர்னா அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் மாவு. "முதல்ல தெருக்காரங்களுக்கு ஏதாவது செய்யணும். அவங்க புல்லெல்லாம் போச்சு. ஒருத்தர்கூட முகம் சுளிக்கல பாரு."

ஜூலை கடைசி நாள் சாயங்காலம் கடை வாசலில் மேசைகளைப் போட்டு, தெரு முழுவதையும் அழைத்தார்கள். வீட்டுக்கு ஒரு முழு கேக். எல்லாரும் வந்தார்கள். ஆரின் பேச எழுந்தார். வாழ்நாளில் அவர் பேசிய நீண்ட பேச்சு 'அடுத்த நிறுத்தம் நூலகம்' என்பதுதான்.

"நன்றி," என்றார். "சோப்புக் கம்பெனிக்கு நன்றி. செருப்புக் கம்பெனிக்கும். அவங்க வெளிய போகலன்னா நாங்க இன்னிக்குக் கடைய மூடியிருப்போம். ஆனா அவங்களுக்கு எங்களத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். எவ்வளவு பொறுத்துக்கிட்டீங்க! உங்க எல்லாருக்கும்தான் பெரிய நன்றி."

கைதட்டினார்கள். ஹாட்டி மட்டும் தட்டவில்லை. தலை குனிந்திருந்தார். பிறகு மெல்ல எழுந்து வந்து ஆரினின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்குப் போய் நன்றி சொல்றியே ஆரின், வெக்கமா இருக்கு. நாங்களும் அந்தக் கம்பெனிங்க மாதிரியே, இந்த மாசம் முழுக்க அந்த ஊடகத்தத் தொறக்கறதில்லன்னு சர்ச்சுல சேந்து முடிவெடுத்துட்டோம். நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல. மூணு வருஷமா உனக்கு வியாபாரம் நடக்கட்டும்னு, தினம் காலைல காபி குடிக்கறப்பவே தெருவே உக்காந்து உன் விளம்பரத்த அமுக்கிட்டிருந்தோம். ஒரு மாசம் கைவிட்டுட்டோம். கவலப்படாத, நாளைலேர்ந்து ஆளுக்கு ரெண்டு தடவ அமுக்குறோம்!"