நூல் வரும் நேரம்

பன்னிரண்டு நிமிடம் ஆகியும் ஆறுக்குட்டியின் ரத்தம் உறையவில்லை.

குன்னூரை அடுத்த எஸ்டேட் மருத்துவமனையின் லேப் டெக்னீஷியன் சசிகலா, ஈர்க்குச்சியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயை மறுபடி ஒடித்துப் பார்த்தாள். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால், உடைந்த துண்டுகளுக்கு நடுவே நூலாக இழுபடும். எட்டு நிமிடத்துக்குள் நூல் வந்தால்தான் பல்லைப் பிடுங்கலாம். பல் டாக்டர் மாதம் ஒரு முறைதான் வருவார். ஒரு மணிக்கு அவர் ஜீப் கிளம்பிவிடும்.

"அப்ப அடுத்த மாசந்தானுங்களா?" என்றார் ஆறுக்குட்டி, வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி.

"அதுவரைக்கும் இவரு அனத்துறத நான் கேக்கோணுமா?" என்றாள் மனைவி மாரியாயி.

"விட மாட்டேனுங்க. தப்பு ரத்தத்துல இல்ல, குளிர்ல. உடம்புச் சூட்டுலதான் ரத்தம் ஒழுங்கா உறையும். பாருங்க!"

சசிகலா தன் விரலையும் குத்தி இன்னொரு குழாயை நிரப்பினாள். பன்னிரண்டு நிமிடம். நூல் இல்லை.

"கல்லாட்டம் இருக்கற எனக்கே வரல. குளிரேதான்!"

சூடாக்கும் தொட்டி பழுது. மறுபடி ஆளுக்கொரு குத்து. இரண்டு குழாய்களையும் கொதிக்கும் டீயில் நிறுத்தினாள். ரத்தம் வெந்து பழுப்பானது.

"ரத்தப் பொரியலுங்களா?" என்றாள் மாரியாயி.

மறுபடி ஆளுக்கொரு குத்து. இம்முறை உள்ளங்கையில் பொத்தினாள். வெளியே ஜீப் ஹார்ன் அடித்தது. பதறி இறுக்கினாள், இரண்டும் நொறுங்கின.

"ஸ்வெட்டரத் தூக்குங்கண்ணா!"

நான்காவது குத்து. அவர் குழாய் அவருடைய வலது அக்குளில், அவள் குழாய் இடது அக்குளில்.

"கூச்சமா இருக்குதுங்க!"

"ஆடாதீங்க. பல்லு வேணுமா, வேண்டாமா?"

"வேண்டாமுன்னுதானுங்க வந்தேன்!"

ஆறாவது நிமிடம் வலது குழாயை ஒடித்தாள். சிவப்பாக, மெல்லிசாக, ஒரு நூல்!

ரிப்போர்ட்டோடு அவரைத் தள்ளிக்கொண்டே டாக்டரிடம் ஓடினாள்.

இருபது நிமிடம் கழித்து ஆறுக்குட்டி வாயில் பஞ்சைக் கடித்தபடி திரும்பினார். இடது அக்குளில் மறந்துபோன குழாய் அப்படியே இருந்தது. சசிகலா தன் விரலில் பஞ்சு மாற்றிக்கொண்டிருந்ததால், மாரியாயியே அதை வாங்கி ஒடித்தாள். ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"ஏனுங்க சிஸ்டர், ரெண்டு கக்கமும் இவருதுதானுங்களே? உங்க ரத்தம் மட்டும் ஏனுங்க இன்னும் ஓடுது?"