அத்தானுக்கு ஒரு பழைய ரிவோல்வர்

பிளேஸ்டோ, லண்டன்,
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

அன்பும் மதிப்பும் மிக்க பஞ்சாட்சரம் அத்தானுக்கு, மைத்துனன் குகதாசன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கலாவதியும் அவளுடைய முழங்கால் வலியும் ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருக்கிறோம். கோலியர்ஸ் வுட்டில் தாங்களும் அக்காவும் சுகமாகவும், தங்களுடைய சீனி வருத்தம் மட்டும் சுகமில்லாமலும் இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். நான் தொலைபேசி எடுத்தால் அக்காதான் பேசுகிறார். "அத்தான் எங்கை?" என்று கேட்டால் "அவர் குளிக்கிறார்" என்கிறார். மூன்று வருடமாக ஒரு மனிதர் குளித்துக்கொண்டே இருக்க மாட்டார் என்பது எனக்கும் விளங்கும்.

விஷயத்துக்கு வருகிறேன், பதறாமல் வாசிக்கவும். நான் இரண்டு பழைய ரிவோல்வர்கள் வாங்கியிருக்கிறேன். அவற்றில் ஒன்று தங்களுக்கு. இரண்டும் ஓட்டப்போட்டி தொடங்கச் சத்தம் மட்டும் போடுகிறவை, குண்டு போகாது, பொலிசாரிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன். எனவே அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுவதற்கு முன் மிச்சத்தையும் வாசிக்கவும்.

மூன்று வருடத்துக்கு முன் நடந்ததைத் திரும்பக் கிண்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் கிண்டாமல் மிச்சம் விளங்காது. நமது பழைய மாணவர் சங்க விளையாட்டுப் போட்டி, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளின் நூறு மீற்றர் ஓட்டம். பத்தொன்பது வருடமாக ஸ்டார்ட்டராக நிற்கிற நான், வழக்கம்போல இரண்டு பலகைகளைச் சேர்த்துத் தட்டினேன். என் பேத்தி தக்ஷிகா முதலாவதாக வந்தாள், தங்கள் பேத்தி கம்சிகா அரை அடியில் இரண்டாவதானாள். தாங்கள் கூடாரத்திலிருந்து கையில் கடித்த இறைச்சி ரோல்ஸுடன் எழுந்து வந்து, அத்தனை சனத்துக்கும் முன்னால், "தக்ஷிகா சத்தத்துக்கு முந்தி ஓடினவள். உன்ரை பேத்தி எண்டபடியால் நீ கண்ணை மூடிட்டாய்" என்று சொன்னீர்கள். அன்று சரியான காற்று, அத்தான். பலகைச் சத்தம் காற்றில் அள்ளுப்பட்டு ஒரு பிள்ளையின் காதுக்கு முந்தியும் இன்னொரு பிள்ளையின் காதுக்குப் பிந்தியும் போயிருக்கும். யார் முந்தியது என்று கடவுளாலும் சொல்ல ஏலாது. இது விஞ்ஞானம். ஆகவே பிழை உங்களிலும் இல்லை, என்னிலும் இல்லை, பலகையில்தான். இதைத்தான் நான் மூன்று வருடமாகச் சொல்ல நினைத்தேன், தாங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த வருடம் பலகையை விட்டுவிட்டு மின்சார ஹோர்ன் ஒன்று கொண்டுவந்தார்கள். அது லொறி பின்னுக்கு வருகிற சத்தம் போட்டது. பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், இரண்டு தகப்பன்மார் காரை நகர்த்த ஓடினார்கள். அதற்கடுத்த வருடம் செயலாளர் விதுசன், வங்கியில் வேலை செய்கிற கெட்டிக்காரப் பெடியன், "அங்கிள், ஃபோன்ல ஒரு அப் இருக்கு, டோட்டலி ஃப்ரீ" என்றான். அழுத்தியதும் முதலில் கார் காப்புறுதி விளம்பரம் வந்தது. பிள்ளைகள் அதற்கே ஓடி முடித்துவிட்டார்கள். இதற்குப் பிறகுதான் "ரிவோல்வர் இல்லாவிட்டால் நான் நிற்க மாட்டேன்" என்று கொமிற்றியில் சொல்லிவிட்டேன். அவர்களும் புதிய ரிவோல்வரின் பிடியைக்கூட வாங்கக் காணாத காசை ஒரு கடித உறையில் போட்டுத் தந்து, இரண்டு வாங்கி வரச் சொன்னார்கள்.

சரி, பழையதாகத் தேடலாம் என்று நூலகத்துக்குப் போய், அங்குள்ள கணினியில் "பழைய ரிவோல்வர், குறைந்த விலை, லண்டன், அவசரம்" என்று ஆங்கிலத்தில் அடித்தேன். அவசரம் என்று போட்டது பிழை என்று இப்போது தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் அங்கு வேலை செய்கிற பிள்ளை வந்து, பக்கத்தில் குந்தியிருந்து, வீட்டில் எல்லாம் நல்லமா என்று மெல்லிய குரலில் கேட்டாள். இவ்வளவு அக்கறையாக ஒருவர் கேட்டால் மறைக்கலாமா? கலாவதிக்கு முழங்கால் ஏலாது, இரவெல்லாம் முனகுகிறாள், இனி என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றேன். அந்தப் பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது. மனக்கவலைக்குத் தொலைபேசி இலக்கங்கள் உள்ள தாளொன்றைத் தந்து, நான் விளையாட்டுப் போட்டி, ஸ்டார்ட்டர் என்று முழுக்கதையும் சொல்லி முடிக்கும்வரை என் கையை விடவே இல்லை. அந்தத் தாள் இப்போது எங்கள் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறது. இரண்டு தடவை எடுத்துப் பேசினேன், நல்ல சனம்.

பிறகு குட்மேய்ஸில் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிற கிறிஸ்துராஜாவிடம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். "சாமான் அந்தமாதிரி, அண்ணை. நாலு குறும்படத்திலை நடிச்சது" என்றார். வீட்டுக்கு வந்து கொல்லைப்புறத்தில் கையை உயர்த்தி விசையை இழுத்தேன். சத்தம் வரவில்லை, நுனியில் சின்னதாக ஒரு நெருப்பு வந்தது. அது சிகரட் கொளுத்துகிற லைட்டர். கலாவதி வாங்கிக்கொண்டு போய்ச் சாமியறையில் வைத்துவிட்டாள். இப்போது தினமும் அதால்தான் கர்ப்பூரம் கொளுத்துகிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒருமாதிரித்தான் பார்க்கிறார்கள்.

கடைசியில் அப்மின்ஸ்டரில் மிஸிஸ் வெப் என்ற கிழவி அகப்பட்டார். நாற்பது வருடம் ஓட்டங்களைத் தொடக்கிவைத்தவர், இப்போது தோளை உயர்த்த ஏலாது, இரண்டு ரிவோல்வர்களையும் மரப்பெட்டியோடு விற்கிறார். இரண்டும் செம்மஞ்சள் நிறம், தூரத்தில் பார்த்தால் கரட் கிழங்கு. காசைக் காட்டினேன். அவர் காசைப் பார்க்கவில்லை, தன் சமையலறையில் நின்று எனக்குப் பரீட்சை வைத்தார். "உங்கள் இடங்களில், ஆயத்தம்" என்று நம்முடைய தமிழிலேயே சொல்லிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஆயத்தத்துக்குப் பிறகு போதுமான நேரம் விடவில்லை, திரும்பச் சொல் என்றார். ஆறு தரம் சொல்லவைத்தார். உறையில் இருந்த காசு ஒன்றுக்குத்தான் காணும், ஒன்றை மட்டும் தருவீர்களா என்று கேட்டபோது கிழவிக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன். முதலாவது ரிவோல்வர் ஓட்டத்தைத் தொடக்குகிறவரிடம் இருக்கும். இரண்டாவது அவருக்குப் பின்னால் நிற்கிறவரிடம் இருக்கும். யாராவது முந்தி ஓடினால் அந்த ஆள் சுட்டு எல்லோரையும் திருப்பிக் கூப்பிட வேண்டும். அதற்கு, முன்னால் நிற்கிறவனுக்குப் பயப்படாத ஒருவர் தேவை. அப்படி ஒருவர் உன்னிடம் இருந்தால் இரண்டையும் அந்தக் காசுக்கே கொண்டு போ, இல்லாவிட்டால் ஒன்றும் தர மாட்டேன்.

நான் யோசித்துப் பார்த்தேன், அத்தான். கொமிற்றியில் எல்லோரும் எனக்குத் தலையாட்டுகிறார்கள். விதுசன் அங்கிள் அங்கிள் என்று பின்னால் வருகிறான். கலாவதிகூட முழங்கால் வலி வந்த பிறகு சண்டை பிடிக்கிறதில்லை. அறுபத்துநாலு வயதில், நீ செய்தது பிழை என்று என் முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான். "இருக்கிறார்" என்றேன். பெட்டியைத் தந்துவிட்டார். விதுசனுடைய காரின் பின்பெட்டியில் பூட்டி, பற்றுச்சீட்டோடு கொண்டுவந்தோம்.

வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போட்டி. நீங்கள் வராவிட்டால் இரண்டாவது ரிவோல்வர் பெட்டிக்குள்தான் கிடக்கும், அதை வேறு ஒருவர் கையிலும் கொடுக்க எனக்கு மனமில்லை. நீங்கள் வராத இரண்டு போட்டியிலும் எனக்கு அந்த மைதானம் பிடிக்கவே இல்லை. வாருங்கோ.

அக்காவுக்கு என் அன்பு. கம்சிகாவுக்கு இந்த அம்மப்பாவின் தம்பிமுறைக் கிழவன் ஆசி சொன்னதாகச் சொல்லவும். முறை சரியாக வராவிட்டால் நீங்களே திருத்திச் சொல்லவும். எல்லோரும் நோய்நொடியின்றி, நல்ல காலநிலையுடன் வாழ்க.

என்றும் தங்கள் அன்பு மறவாத
குகதாசன்

பி.கு.: கடிதத்தை மடிக்கப் போகும்போது தக்ஷிகா வந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுவதும் வாசித்தாள். தமிழ்ப் பள்ளிக்கூடக் காசு வீண் போகவில்லை. வாசித்துவிட்டு, "அம்மப்பா, காத்து எண்டு ஏன் எழுதினீங்கள்? நான் முந்தித்தான் ஓடினனான். யூ ஸோ மீ, கண்டனீங்கள்தானே" என்றாள்.

கண்டேன், அத்தான். பலகை இரண்டும் சேர முன்னமே அவளுடைய கால் கோட்டைத் தாண்டிவிட்டது. நீங்கள் சொன்னது சரி. மேலே விஞ்ஞானம் என்று எழுதியது முழுப் பொய். புதிதாக எழுதலாம் என்றேன், அவள் விடவில்லை, "அப்பிடியே அனுப்புங்கோ, கீழை உண்மையை எழுதுங்கோ" என்று பக்கத்தில் நிற்கிறாள். அந்த நூறு மீற்றரைக் கம்சிகாவோடு சனிக்கிழமை திரும்ப ஓடப் போகிறாளாம், வென்ற கிண்ணத்தையும் கொண்டு வருகிறாள். தொடக்கிவைக்கப் போவது நான்தான். நான் பிழை விட்டால் யோசிக்காமல் சுடுங்கள்.