தாமஸ் நிறுத்தி வைத்த அமெரிக்கா பில்

திருப்பூர்,
கார்த்திகை மாதம், 2008.

அமெரிக்காவில் வாசம் செய்யும் அன்பு மாப்பிள்ளை ராஜ்கமலுக்கு, உன் தாய்மாமன் ஆறுமுகசாமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே கரண்ட் இருக்கும் நேரத்தில் நானும், கரண்ட் போய் மெஷின் சத்தம் நிற்கும் நேரத்தில் உன் அத்தை பெரியாத்தாளும் சந்தோஷமாக இருக்கிறோம். அந்தக் குளிருக்கு நீ நம் ஊர்ப் பனியனை உள்ளே போட்டுக்கொள்கிறாயா, இல்லை பெட்டியிலேயே வைத்திருக்கிறாயா என்று அறிய அத்தை ஆவலாக இருக்கிறாள்.

நீ செய்த உதவிக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லிவிடலாம், ஆனால் நீ பேசுவது எனக்குப் பாதிதான் கேட்கிறது, நான் பேசுவது எனக்கே இரண்டு தடவை கேட்கிறது. விஷயம் உனக்குத் தெரியும், இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் நம்மிடம் ஆர்டர் கொடுக்கும் அந்த ஆஷா என்ற பெண், ஒரு கையில் முட்டை பப்ஸை வைத்துக்கொண்டு, "அமெரிக்கா பார்லிமெண்ட்ல கயிறு, நாடா எல்லாத்தையும் தடை பண்ண ஒரு பில் வந்திருக்குதாமுங்க. கொழந்தைக கழுத்துல மாட்டிக்குதாமா. பாஸ் ஆயிருச்சுன்னா உங்க நாடாவ நாங்க எடுக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு மீதி பப்ஸைத் தின்னப் போய்விட்டாள். குல்லா வைத்த குழந்தைச் சட்டைக்குக் கழுத்து நாடா பின்னுவதைத் தவிர நம் ஷெட்டில் வேறு வேலை இல்லை. குழந்தையின் கழுத்தைவிட நாடா பெரிது என்று சொல்லுமளவுக்கு நான் கெட்டவனில்லை, மாப்பிள்ளை. ஆனால் அந்தப் பில் நிஜமா, வதந்தியா, எப்போது பாஸ் ஆகும், ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அது பெரிய கொடுமை. யாரைக் கேட்டாலும் "அமெரிக்காக்காரன் சமாச்சாரமுங்க" என்று கையை விரிக்கிறார்கள். பயத்தில் நான் நாடா மெஷின்கள் அத்தனையையும் ஈரோட்டு வியாபாரி ஒருவருக்கு விற்பதாகப் பேசி, வெள்ளிக்கிழமை லாரி வரட்டும் என்று சொல்லிவிட்டேன். மெஷின் ஓட்டும் ஒச்சாயி, மதுரைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு நம்மை நம்பி வந்தவள், "மிசின வித்துப்புட்டா நாங்க எங்கிட்டுண்ணே போறது?" என்று கேட்டாள். பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். தண்ணீர் வீணாகிறது என்று உன் அத்தை கதவைத் தட்டியதால் அதுவும் சரியாக முடியவில்லை.

அப்புறம்தான் உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய்? "ஏன் மாமா பயப்படறீங்க? தாமஸப் பாருங்க. அமெரிக்கா பில் அத்தனையும் அது வெச்சிருக்கும். எந்த எம்.பி. கொண்டு வந்தாரு, பாஸ் ஆச்சா, நிக்குதா, எல்லாம் அதுவே சொல்லும். காசுகூட கேக்காது" என்றாய். அதற்குள் லைன் போய்விட்டது. இந்த இடத்தில் உன்னைக் கொஞ்சம் கோபித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஊர் பேர் தெரியாதவர்களுக்குக் காசு வாங்காமல் உதவி செய்கிற ஒரு மனிதரை "அது சொல்லும், அது கேக்காது" என்று ஆடு மாட்டைச் சொல்வதுபோல் சொல்லலாமா? என் தங்கச்சி உன்னை அப்படியா வளர்த்தாள்? அமெரிக்கா போனால் மரியாதையைக் கஸ்டம்ஸில் பிடுங்கிக்கொள்கிறார்களா?

போகட்டும். டீக்கடையில் போய், "பில் எல்லாம் வெச்சிருப்பாராமே, தாமஸுன்னு ஒருத்தர், தெரியுமுங்களா?" என்று கேட்டேன். டீ ஆற்றுகிறவர் ஆற்றிக்கொண்டே, "அட, எக்ஸ்போர்ட் கம்பெனி பில் செக்சன் தாமஸுங்களா? எல்லா பில்லும் அவருகிட்டத்தானுங்க இருக்கும். பாஸ் ஆகறதும் நிக்கறதும் அவரு கையிலதானுங்க" என்று நீ சொன்னதை அப்படியே சொன்னார். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. பனியனையே நம்மிடம் தைத்து வாங்குகிற அமெரிக்காக்காரன், பில்லையும் இங்கே ஓர் ஆளிடம் ஒப்படைத்திருந்தால் அதில் என்ன அதிசயம்?

தாமஸ் நாசரேத் பக்கத்துக்காரர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜை முழுக்கக் கண்ணாடியைத் தேடுகிறவர். "ஒரு அமெரிக்கா பில்லு வந்திருக்குதுங்க. அது பாஸ் ஆகாம நிக்கோணுமுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாஸ் பண்ணுங்கன்னுதான்யா எல்லாரும் வந்து நிப்பாவ. நிறுத்துங்கன்னு வந்த மொத ஆளு நீங்கதான். அமெரிக்கா பில்லு எதுவும் எம் மேசைக்கு வரலியே" என்றார். "எம்.பி. ஒருத்தர் கொண்டு வந்திருக்காராமுங்க" என்றேன். "எம்.பி. கொண்டு வந்தாலும் சரி, மொதலாளியே கொண்டு வந்தாலும் சரி, டெலிவரி சலான் இல்லாம நான் கையால தொட மாட்டேன். வந்தா நிறுத்தி வச்சிருதேன், கவலப்படாதிய" என்றார். அமெரிக்க எம்.பி.யிடமே சலான் கேட்கிற ஆண்மை யாருக்கு வரும், சொல்.

நான் மெஷின் விற்கப் போவதைச் சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் என்னை ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து, தன் ஃபிளாஸ்க் மூடியில் பாதி டீயை ஊற்றிக் கொடுத்தார். "நீங்க சொல்லுத பில்லு எனக்கு முழுசா வெளங்கலய்யா. ஆனா ஒண்ணு சொல்லுதேன். வராத பில்லுக்குப் பயந்து ஆளுகள வெளிய அனுப்பப்பிடாது. மெசின விக்காதிய" என்றார். விளங்கவில்லை என்றது சும்மா அடக்கம், பெரிய மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள். வெள்ளிக்கிழமை வந்த லாரியைத் திருப்பி அனுப்பினேன். டிரைவர் திட்டினான், வாங்கிக்கொண்டேன். ஒச்சாயி எல்லோர் வாயிலும் சர்க்கரையைப் போட்டாள். அதிலிருந்து வாராவாரம் போய் தாமஸைப் பார்க்கிறேன். "இன்னிக்கும் வரலய்யா" என்பார். அன்றைக்கு இரவு எனக்கு நல்ல தூக்கம். ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தேன். "பில்லு விசயமா வாறவுககிட்ட நான் பச்சத்தண்ணிகூட வாங்க மாட்டேன்யா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்படிப்பட்டவரிடம் என்னை அனுப்பிய உனக்கு எப்படி நன்றி சொல்வேன்? இன்றைக்கு நம் ஷெட்டில் மெஷின் ஓடுகிறதென்றால் அது நீ சொன்ன அந்த ஒரு பெயரால்தான்.

உனக்கு வேலை நிலைக்கட்டும், வாய்க்கு ருசியாகச் சமைக்கிற பெண் அமையட்டும், போன் லைன் தெளியட்டும். திருப்பிக் கொடுத்த அந்த வெண்ணெயை நெய்யாக உருக்கி உனக்கு அனுப்புவதாக அத்தை சொல்கிறாள்.

உன் நலனையே நினைக்கும் மாமன்,
ஆறுமுகசாமி.

பின்குறிப்பு: இதை ஸ்கேன் செய்து உனக்கு மெயிலில் அனுப்பலாம் என்று பிரௌசிங் சென்டருக்கு வந்தேன். இங்கே வேலை செய்யும் வேல்விழி ஸ்கேன் செய்கிற சாக்கில் முழுக்கப் படித்துவிட்டு, "ஏனுங்க, உங்க மாப்பிள்ள சொன்ன தாமஸு ஆளில்லீங்க. அமெரிக்கா சட்டமெல்லாம் போட்டு வெச்சிருக்கற வெப்சைட்டுங்க" என்று கம்ப்யூட்டரில் திறந்தே காட்டிவிட்டாள். அந்தப் பில்லும் கிடைத்தது. கொண்டு வந்த எம்.பி. அம்மாவின் போட்டோகூடக் கிடைத்தது, சிரித்த முகம். ஆனால் அது ஜன்னல் திரையை இழுக்கிற கயிற்றைப் பற்றிய பில்லாம். அதில் சட்டையும் இல்லை, நாடாவும் இல்லை. ஆஷா பப்ஸைத் தின்றுகொண்டே படித்திருக்கிறாள். ஆக, தாமஸ் எந்த அமெரிக்கா பில்லையும் நிறுத்தவில்லை. நான் விற்கப் போனதைத்தான் நிறுத்தியிருக்கிறார்.

நெய்க்குக் காத்திருக்காதே. நம் விஷயத்தில் பில்லே இல்லை என்று ஆகிவிட்டபடியால் தாமஸ் வெண்ணெயை வாங்கிக்கொள்ளத் தடையில்லை, டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குத்தான் போகிறேன். உன்னைக் கோபித்துக்கொண்டதையும் மனதில் வைக்காதே. உன் தாமஸை நீ தாராளமாக "அது" என்று சொல்லிக்கொள். என் தாமஸ் "அவர்"தான்.