ராகு காலத்தில் திறக்காத தேன்குகை

ஒரு காட்டில் எல்லாருக்கும் வைஃபை இருந்தது. நிம்மதிதான் ஒருவருக்கும் இல்லை. தொந்தியப்பன் என்ற கரடிக்கு அது அறவே இல்லை. காரணம் அவருடைய தேன்குகை. உள்ளே ஏசி, கேமரா, கதவுக்கு மின்பூட்டு என்று எல்லாம் வைத்திருந்தார். ஆனால் போனிலிருந்து அவற்றை இயக்க, போன் காட்டு வைஃபைக்குள் இருக்க வேண்டும். எல்லையைத் தாண்டினால் பூட்டு அவரை யாரென்றே கேட்காது. ஆவணியில் மச்சினன் மகள் கல்யாணமோ அடுத்த மலையில்.

தேனை நினைத்து இளைத்தே போய்விட்டதாகச் சொன்னார். பார்த்தவர்கள் யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

காட்டில் வயர் இழுக்கிற வேலையெல்லாம் குத்தாலிங்கம் என்ற முள்ளம்பன்றிக்குத்தான். அவன் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான்.

"அண்ணாச்சி, இதுதான் நெட்வொர்க் பாலம். வெளியே இருக்கிற வலையையும் நம்ம காட்டு வலையையும் இது சேர்த்துரும். நீங்க அடுத்த மலையில இருந்தாலும், பக்கத்துலயே நிக்கிற மாதிரி பூட்டுக்குத் தெரியும். ரெண்டே விஷயம். யாரும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டு வைங்க. வேலை முடிஞ்சதும் மறக்காம லாக் அவுட் பண்ணிருங்க."

"சோலையன் ஊகிச்சிருவானாடா?" என்று கேட்டார் கரடி. சோலையன் என்பது நரி. காட்டில் எங்கே தேன் காணாமல் போனாலும் முதலில் அவன் பேர்தான் அடிபடும். அநியாயமாகச் சொல்லக் கூடாது, கடைசியிலும் அவன்தான் எடுத்திருப்பான்.

அந்தக் காட்டில் பிள்ளைக்குப் பேர் வைப்பதானாலும் பாஸ்வேர்டு வைப்பதானாலும் ஜோதிடர் ஆந்தையாரைக் கேட்காமல் யாரும் வைப்பதில்லை. தொந்தியப்பனும் போனார்.

"சதய நட்சத்திரமா? இதை வையும், எவனும் அசைக்க முடியாது" என்று காதில் ஓதினார் ஆந்தையார். "இன்னொண்ணு. ராகு காலத்துல அந்தப் பாலத்துக்குள்ள யாரும் நுழையக் கூடாது. கேமராவைப் பார்க்கலாம், பார்க்கிறதுல தோஷமில்லை. நுழையத்தான் கூடாது."

குத்தாலிங்கம் தலையில் அடித்துக்கொண்டான். "கம்ப்யூட்டருக்கு ஏது அண்ணாச்சி ராகு காலம்?"

"எனக்கு இருக்குல்ல? போடு."

"சரி, அவசரத்துக்குன்னு ஒரு வழியாவது விட்டு வைக்கிறேன்."

"அந்த வழியா ராகு வந்துட்டா?"

இதற்குப் பதில் எந்தப் பொறியியல் படிப்பிலும் இல்லை. சொன்னபடி போட்டுக் கொடுத்தான். ஆடியில் நல்ல காரியம் ஆகாது என்று ஆனியிலேயே பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, தொடக்க விழாவும் முடிந்துவிட்டது.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை கல்யாணம். காடே கிளம்பிப் போனது. நரியை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. பரீட்சை இருக்கிறதென்று கரடி தன் மகள் செல்லக்கிளியையும் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்.

தாலி கட்டி முடிந்ததும் தொந்தியப்பனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. சம்பந்திகளைக் கூட்டி வைத்துப் போனை நீட்டினார். "குகை அங்க இருக்கு, நான் இங்க இருக்கேன். இதோ திறக்கிறேன் பாருங்க." கதவு திறந்தது. "இதோ மூடுறேன்." மூடியது. எல்லாரும் கை தட்டினார்கள். குத்தாலிங்கம் சொன்னது நினைவு வந்து, சமர்த்தாக லாக் அவுட்டும் செய்தார். அப்போது மணி பத்தரை.

பிறகுதான் கேமராவைப் பார்த்தார். கதவு திறந்து மூடிய நேரத்தில், வாசனை பிடித்து வந்த செல்லக்கிளி உள்ளே போயிருந்தாள்.

முதலில் அவள் சந்தோஷமாகத்தான் நக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் நக்குவதை விட்டுவிட்டுக் கதவைப் பிறாண்டினாள். ஏசி அவள் தலைக்கு நேரே ஓடிக்கொண்டிருந்தது. குட்டி தன்னைத் தானே கட்டிக்கொண்டு நடுங்க ஆரம்பித்தது.

தொந்தியப்பன் பாஸ்வேர்டைப் போட்டார். 'ராகு காலம். பன்னிரண்டு மணிக்கு மேல் வரவும்' என்று போன் மரியாதையாகச் சொன்னது.

பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்த குத்தாலிங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "அந்த விதியை எடுத்துரலாம் அண்ணாச்சி. அதுக்கு முதல்ல உள்ள நுழையணும்" என்றவன் அழுதுவிட்டான். மலை இறங்கி ஓடினாலும் போய்ச்சேரப் பொழுது சாய்ந்துவிடும். அத்தனை பெரிய கரடி, மணவறைப் பக்கத்தில் உட்கார்ந்து மகள் நடுங்குவதைத் தெளிவான படத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. அதைவிடக் கொடுமை உண்டா?

போன் அடித்தது. நரி.

"மாமா, பாப்பா குளிர்ல நடுங்குது."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"அதை அப்புறம் திட்டுங்க. கதவைத் திறக்கட்டுமா?"

"ராகு காலம்டா பாவி! யாரும் நுழைய முடியாது."

"நான் எங்க மாமா நுழையிறது? ஆனி மாசமே நுழைஞ்சுட்டேன். இன்னும் வெளியவே வரலை."

"பாஸ்வேர்டு?"

"நானும் சதயம்தான் மாமா. ஆந்தையார் எனக்கும் அதையேதான் ஓதினார்."

கதவு திறந்தது. கொஞ்ச நேரத்தில் நரியே ஓடி வந்து குட்டியை வாரி எடுத்து, வாலால் போர்த்திக்கொண்டு போனது. தொந்தியப்பன் சம்பந்தி தோளில் சாய்ந்து ஓவென்று அழுதார். நரியின் இன்னொரு கையில் ஒரு தேன்குடமும் போனது. "சிக்னல் சரியில்லை" என்று சொல்லி அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் காட்டுச் சபை கூடியது. சொன்னதைச் சொன்னபடி செய்த குற்றத்துக்காகக் குத்தாலிங்கம் வயரைத் தொடக் கூடாதென்று தீர்ப்பானது. இருவருக்கும் ஒரே பாஸ்வேர்டு கொடுத்த தொலைநோக்குக்காக ஆந்தையாருக்குப் பொன்னாடை. சோலையன் காட்டின் பாதுகாப்பு ஆலோசகரானான். இனி யாரும் லாக் அவுட் செய்யக் கூடாது என்பது அவனுடைய முதல் ஆணை.

இதற்குப் பிறகும் மனசு கேட்காமல், பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்லித் தொந்தியப்பன் ஆந்தையாரிடம் போனார்.

"நட்சத்திரத்தை மாத்திட்டு வாரும், மாத்தித் தர்றேன்" என்றார் ஆந்தையார்.

நீதி: பூட்டு எவ்வளவு உறுதியாக வேண்டுமானாலும் இருக்கட்டும்; உன் வீட்டைத் தெரிந்த திருடன் ஒருவனை மட்டும் எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிடாதே.